ஆந்தையா, அரெத்தூசாவா?

பழைய கிரேக்கக் காசுகளில் எது அழகு என்று பேச ஆரம்பித்தால், பேச்சு பெரும்பாலும் இரண்டில் வந்து நிற்கும். ஒன்று ஏதென்ஸின் ஆந்தைக் காசு. இன்னொன்று சிசிலித் தீவில் இருந்த சிராக்யூஸ் நகரத்தின் பத்து திராக்மா காசு. இரண்டும் வெள்ளி. எடைக்கணக்கும் ஒன்றுதான்: ஒரு திராக்மா சுமார் 4.3 கிராம். ஆந்தை நான்கு திராக்மா, அதாவது 17 கிராமுக்குச் சற்று மேல். சிராக்யூஸ் காசு 43 கிராம். பத்து ரூபாய் காசு ஐந்தை ஒன்றாகப் பிடித்தாலும் அந்தக் கனம் வராது.

முதலில் ஆந்தை. காசு குண்டாக, தடித்து இருக்கும். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட ஊர்த் தெய்வம் அதீனா, கவசத்தின் மேல் ஒலிவ இலைகள். அவளுடைய கண்ணைக் கவனியுங்கள். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் மட்டும் பாதாம் பருப்பு வடிவத்தில் நேராக நம்மைப் பார்க்கும். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. மறுபக்கம் அவளுடைய ஆந்தை, உடம்பு ஒரு பக்கம், தலை நம் பக்கம். மூலையில் ஒலிவக் கொம்பு, பக்கத்தில் பிறை, வலப்பக்கம் மூன்றே எழுத்தில் ஊர்ப்பெயர். அச்சு நடுவில் விழாமல் அதீனாவின் கவசத்துக் கொண்டை வெட்டுப்பட்டுப் போன காசுகள்தான் அதிகம்.

இந்தக் கண் அப்போதே பழைய பாணி. பார்த்தெனான் கோயில் எழுந்துகொண்டிருந்த ஊர் அது. கல்லில் அத்தனை நுணுக்கம் காட்டியவர்களுக்கு ஒரு கண்ணைப் பக்கவாட்டில் செதுக்கத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் மாற்றவில்லை. லாவ்ரியோன் சுரங்க வெள்ளியில் அடித்த இந்தக் காசு எகிப்து வரை செல்லுபடியானது. அங்கே வாங்குபவர் எழுத்தைப் படிக்கமாட்டார், ஆந்தையைப் பார்த்துத்தான் வாங்குவார். முகத்தை மாற்றினால் சந்தேகம் வந்துவிடும். கண் பக்கவாட்டுக்குத் திரும்ப கி.மு. நான்காம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிராக்யூஸ் இதற்கு நேர் எதிர். அங்கே அச்சு செதுக்கியவர்கள் காசிலேயே தங்கள் பெயரைப் பொறித்தார்கள். கிமோன், யுவைனெடோஸ் என்று இரண்டு பேர் முக்கியம். காலம் கி.மு. 400ஐ ஒட்டி, முதலாம் டயோனிசியஸ் ஆட்சி. ஒரு பக்கம் நீரூற்றுத் தேவதை அரெத்தூசா, சுற்றிலும் நான்கு டால்பின்கள். மறுபக்கம் நான்கு குதிரைத் தேர், பாய்ச்சலில். தேரோட்டிக்கு மாலை சூட்டப் பறந்து வருகிறாள் வெற்றித் தேவதை. கீழே சின்ன இடத்தில் கேடயம், மார்க்கவசம், கால்கவசம், தலைக்கவசம். ‘பரிசுகள்’ என்று கிரேக்கத்தில் ஒரு சொல். இத்தனையும் சுமார் 35 மில்லிமீட்டர் வட்டத்துக்குள்!

இருவரில் யுவைனெடோஸைத்தான் அதிகம் கொண்டாடுகிறார்கள். அவருடைய அரெத்தூசா கூந்தலில் நாணல் இலை செருகியிருப்பாள். சுருள் சுருளான முடி, குறையே சொல்ல முடியாத முகம். எனக்கு அந்தக் குறையின்மைதான் கொஞ்சம் அலுப்பு. கிமோன் ஒரு நான்கு திராக்மா காசில் துணிந்து அவளை முகம் நேராகத் திருப்பிவிட்டார். கூந்தல் தண்ணீரில் மிதப்பதுபோல் விரிந்திருக்கும், அதன் இழைகளுக்கு நடுவே டால்பின்கள் நீந்தும், நெற்றிப்பட்டையில் பொடி எழுத்தில் கிமோனின் பெயர். கிரீஸின் வடக்கே தெசலியில் லாரிசா நகரம் தன் காசில் இதைப் பின்பற்றிச் செதுக்கிக்கொண்டது. ஒரே தொல்லை: நேர் முகம் என்றால் மேடாக நிற்பது மூக்கு. நாலு கை மாறினால் முதலில் தேய்வதும் அதுதான்.

அழகு மட்டும் கேட்டால் என் ஓட்டு கிமோனுக்கு. ஆனால் காசுக்கு நாம் வைத்த பெயரே நாணயம் ஆயிற்றே, அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு போர்க்கதை இருக்கிறது. கி.மு. 413இல் சிராக்யூஸைப் பிடிக்க வந்த ஏதென்ஸ் படை அங்கேயே அழிந்தது. பிடிபட்டவர்களைக் கல் குவாரிகளில் அடைத்தார்கள். அதே வருடம் ஸ்பார்ட்டா ஏதென்ஸுக்குப் பக்கத்தில் டெகெலியாவில் முகாம் போட, இருபதாயிரத்துக்கு மேல் அடிமைகள் தப்பி ஓடினார்கள் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். வேலைக்கு ஆளில்லாமல் சுரங்க வெள்ளி வற்றியது. சில வருடங்களில் ஏதென்ஸ், செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு பூசி ஆந்தை அடித்தது. கி.மு. 405இல் அரிஸ்டோபனீஸ் தன் நாடகத்தில் அந்தச் செல்லாக்காசுகளைக் கிண்டலடித்தார். தோற்ற ஊர் செம்பு ஆந்தையில் நாளை ஓட்டிய அந்தக் காலத்தை ஒட்டித்தான் ஜெயித்த ஊர் அரெத்தூசாவைச் செதுக்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஏதென்ஸ் மீண்டது, ஆந்தையும் மீண்டது. கி.மு. 375 வாக்கில் ஒரு சட்டம் வந்தது: சந்தையில் அரசுக்குச் சொந்தமான அடிமை ஒருவர் நோட்டக்காரராக உட்கார்ந்து காசுகளைச் சோதிக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டிவிட வேண்டும். வேலைக்கு வந்து உட்காராவிட்டால் அவருக்கு 50 கசையடி.

கிரீஸின் ஒரு யூரோ காசில் இன்றும் அந்த ஆந்தைதான் நிற்கிறது. அச்சு சுத்தமாக நடுவில் விழுந்திருக்கும், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் பழையதில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால், ஆந்தையின் முகத்தில் உளிவெட்டு விழுந்த ஒரு காசைத்தான் கேட்பேன், வெட்டுக்குள்ளே வெள்ளி தெரிகிறமாதிரி.