போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம்: சக்கரத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

இங்கிலாந்தின் டோர்செட்டில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பலர் வாசலைத் தாண்டியதுமே இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கியான டைகர் 131 எங்கே என்று தேடி ஓடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏறக்குறைய 300 வண்டிகள் சேர்ந்திருக்கும் இடம் இது. ஒவ்வொரு வண்டியும் தனக்கு முந்தைய வண்டி எங்கே மாட்டிக்கொண்டது என்பதற்கான பதில். அந்த வரிசையில் பார்த்தால்தான் டைகர் முன்னால் நிற்கும்போது ஏதாவது புரியும். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் லிட்டில் வில்லி. லிங்கன் நகரத்து ஃபாஸ்டர் தொழிற்சாலையில் 1915-இல் செய்த, உலகின் முதல் டாங்கி முன்மாதிரி. பார்க்கத் தகரப் பெட்டிபோல இருக்கும். பெட்டியை விடுங்கள், கீழே சங்கிலிப் பட்டையைப் பாருங்கள். முதலில் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த டிராக்டர் பட்டை சரியாக அமையவில்லை. அதனால் அழுத்தி வார்த்த எஃகுத் தகடுகளில் புதிய பட்டையை உருவாக்கினார்கள். இப்போது வண்டியில் இருப்பது அதுதான். பட்டைச் சிக்கல் தீர்ந்தது, ஆனால் அகலமான பதுங்குகுழியைத் தாண்ட வண்டியின் உடல் போதவில்லை.

அதற்கான பதில் மார்க் 1. பட்டையை வண்டியின் தலைக்கு மேலேயே சுற்றவிட்டார்கள், அதனால் வந்ததுதான் அந்தச் சாய்சதுர வடிவம். இங்கே இருப்பது உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே மார்க் 1. சோதனை ஓட்டம் நடந்த ஹாட்ஃபீல்ட் பூங்காவிலேயே பல காலம் நின்ற வண்டி. 28 டன் எடை, 105 குதிரைத்திறன், 8 பேர். ஓட்டுவதற்கு மட்டும் 4 பேர் வேண்டும்: ஓட்டுநர் ஒருவர், பிரேக்கைப் பார்த்துக்கொள்ளத் தலைவர், இருபக்கப் பட்டைகளின் கியருக்கு ஆளுக்கொருவர். எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவே தடுப்பே கிடையாது. சூடு, புகை, இரைச்சல் எல்லாம் ஒரே அறைக்குள். பெட்ரோல் டாங்கு முன்பக்கம் ஓட்டுநரின் இருபுறமும் இருந்தது, எரிபொருள் தன் எடையால் மட்டுமே எஞ்சினுக்கு இறங்கும். வண்டி மூக்குக் குப்புறக் குழிக்குள் விழுந்தால் பெட்ரோல் போகாமல் எஞ்சின் நின்றுவிடும். மூக்கு தாழும் இடம் எதுவென்றால், தாண்டுவதற்காகவே இந்த வண்டியைச் செய்த அதே பதுங்குகுழி. முன்பக்கத்தைப் பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள்.

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க டாங்கியான ஷெர்மன் நிற்கும் பகுதியில் ‘மைக்கேல்’ என்று பெயர் எழுதிய வண்டியைத் தவறவிடாதீர்கள். இன்று எஞ்சியிருக்கும் ஷெர்மன்களில் மிகப் பழையது. இந்த டாங்கி ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்பவர்களுக்கு விடை பின்பக்கத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது விமானத்துக்காக வடிவமைத்த 9 சிலிண்டர் வட்ட எஞ்சின். அதன் நடுத்தண்டு தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது, கியர்பாக்ஸோ வண்டியின் முன்பக்கத்தில். இரண்டையும் இணைக்கும் நீண்ட தண்டு, பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டுக்கு அடியில் சாய்வாக ஓட வேண்டும், அதற்கு மேலேதான் ஆட்கள் உட்கார முடியும். இன்னொரு தொல்லையும் உண்டு. நிறுத்தி வைத்தால் எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் அமுங்காத எண்ணெயில் பிஸ்டன் மோதி இணைப்புத் தண்டு வளைந்துபோகும். அதனால் முதலில் கைப்பிடி போட்டுச் சுற்றி எண்ணெயை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கித்தான் திரையோடு நிற்கும் நீந்தும் ஷெர்மன் அருகில் கொஞ்சம் நில்லுங்கள். முப்பது டன் இரும்பைக் கடலில் மிதக்க வைத்தது அந்தத் துணிதான். திரை தாங்கும் அளவைவிட அலை உயர்ந்தால் தப்ப வழியில்லை. 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் ஒமாஹா கடற்கரைக்கு எதிரே ஒரு படைப்பிரிவு கடலில் இறக்கிய 29 வண்டிகளில் 27 மூழ்கின.

80 டன் எடையுள்ள டாக் 2 (TOG 2) டாங்கியை அதன் நீளத்துக்காக ஒருமுறை சுற்றி வந்தால் போதும்.

இங்கே உள்ள குறை, வண்டிகளுக்குள் ஏறிப் பார்க்க முடியாது என்பதுதான். பாதுகாப்புக்கு அது தேவை என்றாலும், உள்ளே எவ்வளவு நெருக்கடி என்பது வெளியே நின்றால் தெரியாது. இதை ஈடுகட்டுவது நீளவாக்கில் வெட்டி வைத்திருக்கும் பிரிட்டிஷ் டாங்கி செஞ்சூரியன். எங்கள் கணக்கில் அருங்காட்சியகத்தின் மிகப் பயனுள்ள காட்சிப்பொருள் இதுவே. ஓட்டுநர் முன்னால் வலப்பக்கம், அவருக்கு இடப்பக்கம் குண்டுகள். கூண்டுக்குள் சுடுபவருக்குப் பின்னால் தலைவர், எதிர்ப்பக்கம் குண்டு ஏற்றுபவர். பின்னால் 27 லிட்டர் மீட்டியர் எஞ்சின், மெர்லின் விமான எஞ்சினிலிருந்து, காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜரை நீக்கி உருவாக்கியது. கால் மணி நேரம் இதன் முன் நின்றுவிட்டு மற்ற டாங்கிகளைத் திரும்பப் பாருங்கள். மேல்மாடத்திலிருந்து பார்க்கும் வாகனப் பாதுகாப்பு மையத்தையும் விட்டுவிடாதீர்கள். தரையில் நின்றால் கண்ணுக்கு எட்டாத எஞ்சின் மூடிகள் அங்கிருந்துதான் தெரியும்.

இப்போது டைகர். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டது. பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கியின் 6 பவுண்டர் பீரங்கி சுட்ட குண்டு டைகரின் பீரங்கிக் குழலில் பட்டுத் தெறித்து, கூண்டு சுழலும் வளையத்தில் சிக்கியது. கூண்டு திரும்பவில்லை, ஆட்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். 100 மி.மீ. முன்கவசத்தை யாரும் துளைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குழலின் கீழ்ப்பக்கத் தழும்பைத் தேடுங்கள். பிறகு சக்கரங்கள்: ஒரு பக்கத்துக்கு 8 அச்சு, ஒவ்வொன்றிலும் 3 சக்கரம், ஒன்றுக்குள் ஒன்று கோத்தது. எடை பரவிச் சீராக ஓடும். ஆனால் இடுக்கில் சேறு புகுந்து இரவில் உறைந்தால் காலையில் வண்டி நகராது. உள்சக்கரம் ஒன்று கெட்டால் அதை மறைக்கும் வெளிச்சக்கரங்களை எல்லாம் முதலில் கழற்ற வேண்டும். ரயிலில் ஏற்றவும் வேலைதான்: 725 மி.மீ. போர்ப் பட்டையை எடுத்துவிட்டு 520 மி.மீ. பட்டை மாட்ட வேண்டும்.

இதை இன்னும் ஓட்டுகிறார்கள். பழைய உலோகம் தேயும் என்று எதிர்ப்பவர்கள் உண்டு, அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. இருந்தாலும் ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டும் ஓட்டுவது சரியான அளவு என்றே கருதுகிறோம். ஓடாத எஞ்சினில் சீல்கள் காய்ந்துபோகும், ஓட்டத் தெரிந்த கைகளும் மறைந்துபோகும். டைகர் தினத்துக்குத் தேதி பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ரயிலில் வந்தால் வூல் நிலையத்தில் இறங்க வேண்டும். திடலில் வண்டி வளையும் பக்கமாக இடம் பிடித்து, பட்டையின் மேல்பகுதியைக் கவனியுங்கள். தாங்கும் உருளைகள் கிடையாது, பட்டை சக்கரங்களின் தலையில் படுத்தபடியே ஓடும். வண்டி திரும்பும் நொடியில் அது தொய்ந்து இறுகுவது வெறுங்கண்ணுக்கே தெரியும்.