கான்வர்சேஷன்ஸ் செயலியில் குரலும் காணொளியும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வெவ்வேறு நிறுவனங்களில் மின்னஞ்சல் கணக்கு வைத்திருக்கும் இருவர் தடையின்றி மடல் எழுதிக்கொள்ள முடிகிறபோது, அரட்டைச் செயலியில் பேசுவதற்கு மட்டும் இருவரும் ஒரே நிறுவனத்தின் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருந்தது. அந்த உறுத்தலால்தான் வெவ்வேறு சர்வர்களில் கணக்கு வைத்திருப்பவர்களும் மின்னஞ்சல்போலப் பேசிக்கொள்ள உதவும் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில் இயங்கும் கான்வர்சேஷன்ஸ் என்ற ஆண்ட்ராய்டு செயலியை நிறுவினேன். வெளியூரில் இருக்கும் அக்காவுடன் ஓராண்டாக இதில்தான் பேசி வருகிறேன்.

இதன் அழைப்புகளுக்கு அடிப்படை ஜிங்கிள் என்னும் திறந்த நெறிமுறை. 2005 ஆகஸ்டில், எக்ஸ்எம்பிபியைப் பயன்படுத்திய கூகுள் டாக் என்ற அரட்டைச் சேவை வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், கூகுளும், எக்ஸ்எம்பிபியைப் பராமரிக்கும் ஜாபர் அறக்கட்டளையும் சேர்ந்து உருவாக்கிய ஜிங்கிளின் முதல் வரைவு வெளியிடப்பட்டது. 2013இல் தன் புதிய அரட்டைச் சேவையான ஹேங்அவுட்ஸுக்கு மாறத் தொடங்கிய கூகுள், பின்னர் இந்தப் பாதையிலிருந்து விலகிவிட்டாலும், நெறிமுறை பொதுவில் இருந்ததால் மற்றவர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். கான்வர்சேஷன்ஸில் 2020 ஏப்ரலில்தான் அழைப்பு வசதி வந்தது.

அழைப்புப் பொத்தானைத் தொட்டதும், எதிர்முனையில் இருப்பவர் எத்தனை கருவிகளில் அந்தக் கணக்கைத் திறந்திருந்தாலும் அத்தனையிலும் மணி ஒலிக்கிறது. ஒன்றில் எடுத்தவுடன் மற்றவை அடங்கிவிடுகின்றன. அழைப்பை ஏற்படுத்த இரு கருவிகளும் செய்துகொள்ளும் இந்தத் தகவல் பரிமாற்றம் மட்டுமே அரட்டை சர்வர் வழியாக நடக்கிறது. அதன்பின் குரலும் படமும், வழி கிடைத்தால், இரண்டு கைப்பேசிகளுக்கும் இடையே நேரடியாகச் செல்கின்றன. இருவரும் முன்பே கியூஆர் குறியை வருடி, செய்திகளை மறையாக்கும் ஓமெமோ முறையின் சாவிகளைச் சரிபார்த்திருந்தால், அழைப்பின் மறையாக்கமும் அந்தச் சாவிகளைக் கொண்டே சரிபார்க்கப்படுகிறது. நடுவில் யாரும் புகவில்லை என்பதற்கு சர்வர் நடத்துபவரின் வாக்குறுதியை நம்ப வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் முதல் மாதம் நிம்மதியாக இருக்கவில்லை. வீட்டு வைஃபையில் தெளிவாகக் கேட்ட குரல், இருவரும் மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் "இணைக்கிறது" என்ற சொல்லோடு நின்றுவிடும். செயலியில்தான் கோளாறு என்று எண்ணி இரண்டு முறை நீக்கி நிறுவினேன். உண்மையான காரணம் வேறு. மொபைல் நிறுவனங்கள் பலரை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால், இரு கைப்பேசிகளும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வழி இல்லாமல் போவதுண்டு. கைப்பேசிக்கு அதன் வெளி முகவரியைச் சொல்லும் ஸ்டன் சேவை மட்டும் இருந்தால் போதாது. நேரடி வழி அடைபட்டால் குரலை வாங்கிக் கடத்தும் டர்ன் சேவையும் வேண்டும். நான் முதலில் கணக்குத் தொடங்கிய இலவச சர்வரில் டர்ன் இல்லை.

பிறகு சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஈஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வர் மென்பொருளை நிறுவினேன். அதன் 20.04 பதிப்பிலிருந்து ஸ்டன், டர்ன் விவரங்களைச் செயலிக்குத் தானே தெரிவிக்கும் கூறு உடன் வருகிறது. சர்வரின் தீச்சுவரில் (ஃபயர்வால்) 3478ஆம் எண் வாயிலையும் (போர்ட்), குரலைக் கடத்துவதற்கான யுடிபி வாயில்களையும் திறந்துவிட்ட அன்று மாலையே, பேருந்தில் இருந்த அக்காவுடன் இருபது நிமிடம் தடங்கலின்றிப் பேசினேன். ஆகவே, இந்தச் செயலியை முயல நினைப்பவர்கள் கணக்குத் தொடங்கும் முன் சர்வர் நடத்துபவரிடம் டர்ன் உண்டா என்ற ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

குறைகளும் உண்டு. குழு அழைப்பு இதில் இல்லை. அது வேண்டுவோர் கணினியில் டைனோ செயலியை நாடலாம், அதில் 2022இல் அந்த வசதி வந்தது. நேரடி இணைப்பில் உங்கள் ஐபி முகவரி எதிர்முனைக்குத் தெரிந்துவிடும் என்பதால், அறிமுகமில்லாதவர்களின் அழைப்பை எடுக்கும் முன் யோசிக்க வேண்டும். ஐபோன் வைத்திருக்கும் உறவினர்கள் மோனல் செயலியைப் பயன்படுத்தலாம். அதற்குக் குரலழைப்பு 2023இல்தான் வந்தது.

கான்வர்சேஷன்ஸ், திறந்த மூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்தில் இலவசமாகவும் பிளே ஸ்டோரில் விலைக்கும் கிடைக்கிறது. இலவசப் பதிப்பில் தொடங்கிய நான், அதை உருவாக்குபவர்களுக்குச் சேர வேண்டியது சேரட்டும் என்று பிறகு விலை கொடுத்து வாங்கினேன்.