ஷிப்பிங் பில்: ஏஜென்ட் பதிவதா, நாமே பதிவதா?

ஆத்தங்குடிக் கல் என்ற தரைக்கல்லைத் தூத்துக்குடி வழியாகச் சிங்கப்பூருக்கு அனுப்பும் எங்கள் சிறு தொழிலில், சுங்க வேலைகளைச் செய்துதரும் கிளியரிங் ஏஜென்ட் பதிந்துவந்த ஷிப்பிங் பில்லை, அதாவது சுங்கத்துக்கான ஏற்றுமதி அறிக்கையை, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் நானே பதியத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏஜென்ட்டுக்குக் கூலி உண்டு, தளத்துக்கு இல்லை. வேகத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அவர் பதிவதும் அதே தளத்தில்தான்.

என்னை மாற்றியது பிழை திருத்தம். எங்கள் கல் சூளையில் சுட்டதன்று. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆகவே சுங்கத்தின் சரக்கு வகைப்பாட்டில் அது 6810 என்ற சிமென்ட் பொருள் தலைப்பில் வரவேண்டும். இன்வாய்ஸில் ‘டைல்ஸ்’ என்று இருந்ததைப் பார்த்த முன்னாள் ஏஜென்ட்டின் அலுவலகம், பீங்கானுக்குரிய 6907 என்று பதிந்துவிட்டது. மற்றொரு முறை இன்வாய்ஸ் எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டது. ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. வரியைச் செலுத்தி ஏற்றுமதி செய்வோருக்கு ஷிப்பிங் பில்லே ரீஃபண்டு விண்ணப்பமாகக் கொள்ளப்படுவதால், அதிலுள்ள எண்ணும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனைக் கணக்கில் உள்ள எண்ணும் பொருந்தாதபோது எஸ்.பி.005 என்ற பிழைக்குறியோடு பணம் நின்றுவிடுகிறது. எந்த இன்வாய்ஸுக்கு எது இணை என்று பட்டியலிட்டு அலுவலரிடம் கொடுத்து, அது தீரும்வரை காத்திருக்க வேண்டும். எங்களைப் போன்றோருக்கு அடுத்த சரக்கின் முதலே அந்தப் பணம்தான். சரக்கு கப்பலேறிய பின் திருத்துவதானால், சுங்கச் சட்டத்தின் 149ஆம் பிரிவு ஏற்றுமதியின்போதே இருந்த ஆவணங்களை மட்டுமே ஆதாரமாக ஏற்கிறது. கல்லை வார்ப்பவனும் இன்வாய்ஸ் எழுதுபவனும் பதிபவனும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இத்தகைய பிழை பெரும்பாலும் பிறப்பதில்லை. அந்நாளில் தொழில் நடத்தப் பர்மாவுக்கு ஏஜென்ட்டை அனுப்பிவிட்டும், பேரேட்டை வரவழைத்துத் தாமே புரட்டிப் பார்த்த செட்டிநாட்டு ஊர் இது.

சொந்தப் பதிவுக்குப் பராமரிப்பு உண்டு. மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பத்தைக் காலாவதியாகுமுன் புதுப்பிக்க வேண்டும், ஏற்றுமதிப் பணத்தைப் பெறும் வங்கிக் கிளையின் குறியீடான ஏ.டி. கோடைத் துறைமுகம்தோறும் தனியே பதிய வேண்டும், ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதியாளர் எண்ணின் விவரங்களை, மாற்றமே இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உறுதிசெய்யாவிட்டால் அந்த எண்ணே முடங்கும். ஐஸ்கேட், ஜி.எஸ்.டி., ஐ.இ.சி. வழங்கும் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி. என்று மூன்று தளங்களின் கடவுச்சொற்களைச் சுமக்கையில், 1989 முதல் டிரேட்நெட் என்ற ஒற்றைச் சாளரத்தில் பெர்மிட் எடுத்துவரும் சிங்கப்பூர்க்காரர்கள்மேல் சிறு பொறாமை எழாமலில்லை.

பெட்டியைப் பரிசோதனைக்கு நிறுத்தினால் காரைக்குடியிலிருந்து உடனே ஓட முடியாது என்பதால், துறைமுக வேலைக்கு மட்டும் உரிமம் பெற்ற ஏஜென்ட்டுக்கு அதிகாரக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

இறக்குமதியில் என் அனுபவம் சொற்பம். 2016 ஏப்ரல் முதல் ஸ்விஃப்ட் என்ற ஒற்றைச் சாளரம் உணவுப் பாதுகாப்பு, தாவரத் தடைக்காப்பு போன்ற துறைகளுக்கான விவரங்களை ஒரே அறிக்கையில் பெறுகிறது என்றாலும், தேக்கு வரவழைக்க நினைப்பவரிடம் ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.