கேம்பிரிட்ஜ்ஷயர் களிமண்ணில் உழாமல் விதைத்த ஆண்டுகள்

கேம்பிரிட்ஜ் நகருக்கு மேற்கே கனத்த களிமண் பூமி. அங்கே கோதுமையை முதன்மைப் பயிராகக் கொண்ட ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறேன். 2018 அறுவடை முடிந்த கையோடு, உழாமல் அரிதாளிலேயே விதைக்கும் வட்டத்தகட்டு டிரில் (தகடுகளால் மண்ணைக் கீறி விதையிடும் இயந்திரம்) ஒன்றை எங்கள் உரிமையாளர் வாங்கினார். ஆறு மீட்டர் அகலம். அன்றுமுதல் ஒவ்வொரு விதைப்பிலும் அதை ஓட்டுவது நான்தான். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போவது பெரும்பாலும் மண்ணையும் மழையையும் பற்றியது என்பதால் இவ்வகை டிரில் எதற்கும் பொருந்தும். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மண் பதமாக இருக்கும் இலையுதிர் காலத்தில் இதற்கு ஈடான கருவி இல்லை. மழை ஆண்டில் இதை மட்டுமே நம்பிப் பண்ணை நடத்த முடியாது.

நல்லதை முதலில் சொல்கிறேன். முன்பு உழுது, கட்டி உடைத்து, சமன்செய்து, பிறகு விதைத்தோம். அதற்கெல்லாம் எரித்த டீசலில் பாதிகூட இப்போது ஆவதில்லை. ஆகஸ்ட் மாதக் களிமண்ணை உழுதால் தலையளவு கட்டிகள் புரளும். அவற்றை உடைக்க மூன்று நான்கு முறை ஓட்ட வேண்டியிருந்த நாட்களை நினைத்தால் இப்போது நிம்மதியாக இருக்கிறது. மண்ணும் மாறியிருக்கிறது. மண்வெட்டியால் ஒரு சதுரம் தோண்டிப் புரட்டினால் மண்புழுத் துளைகள் மேலிருந்து கீழ்வரை நேராக இறங்குகின்றன, அவற்றின் வழியே கோதுமை வேரும் இறங்குகிறது. பிப்ரவரியில் உரம் போட வண்டியை இறக்கும்போது சக்கரம் முன்போல் அமுங்குவதில்லை. ஆனால் இந்த மாற்றம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வராது. அதுவரை மண் இறுகித்தான் கிடக்கும், விளைச்சலும் சற்றுக் குறையும். அந்தக் காலத்தைத் தாங்கக் கையில் பணம் இருக்க வேண்டும்.

இனி பிளாக்கிராஸ். கிழக்கு இங்கிலாந்தில் எதை, எப்போது விதைப்பது என்பதைத் தீர்மானிப்பது இந்தப் புல்லினக் களைதான். கோதுமையோடு முளைத்து, கோதுமையோடு தூர்கட்டி, மே மாதக் கடைசியில் பயிருக்கு மேலே கருஊதாக் கதிர்களை நீட்டும். ஒரு கதிருக்கு ஏறத்தாழ நூறு விதை. அவற்றில் பெரும்பகுதி எங்கள் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும் முன்பே மண்ணில் கொட்டிவிடும். சதுர மீட்டருக்கு ஒரு டஜன் செடி இருந்தாலே விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து பங்கு போய்விடும். களைக்கொல்லியைத் தாங்கும் பிளாக்கிராஸ் 1982-லேயே இந்நாட்டில் கண்டறியப்பட்டது. முளைத்த பின் தெளிக்கும் மருந்துகள் இன்று எங்கள் வயல்களில் அநேகமாக வேலை செய்வதில்லை. மிஞ்சியிருப்பவை, விதைத்த உடனே தெளிக்கும் ஃப்ளூஃபெனாசெட் போன்ற மருந்துகளும் காத்திருப்பும்தான்.

இந்தக் களை விதைகளில் நூற்றுக்கு எண்பது ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் முளைத்துவிடும். ஆகவே அறுவடைக்குப் பின் அது முளைக்கும்வரை விட்டு, கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்துக் கொன்று, அக்டோபர் நடுவில் கோதுமை விதைப்பதே நாங்கள் கடைப்பிடிக்கும் முறை. வட்டத்தகட்டு டிரிலின் உண்மையான அருமை இங்கேதான் தெரியும். விதைக்கும் கோட்டைத் தவிர மண் அசைவதில்லை. மண் அசையாவிட்டால் புதிதாகக் களை கிளம்புவதும் குறைவு. பிளாக்கிராஸ் பெரும்பாலும் மேல் ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் முளைக்கும் என்பதால், அந்த மேல்மண்ணைத் தொடாமல் விடுவது பெரிய காரியம். ஜூன் மாதத்தில் சாக்குப் பையோடு வரிசையாக நடந்து, எஞ்சிய கதிர்களைக் கையால் பிடுங்கி எடுத்துவருகிறோம். முன்பு அப்படிப் பிடுங்கி முடிக்கவே முடியாத வயல்கள் இருந்தன. இப்போது முடிகிறது.

அடிப்பது கிளைஃபோசேட் என்பதில் எனக்குக் கவலை உண்டு. உழவில்லாத விவசாயம் முழுவதும் அந்த ஒரே மருந்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2025-ல் கென்ட் பகுதியில் இத்தாலிய ரைகிராஸ் என்ற வேறொரு களை அதைத் தாங்கி நின்றது உறுதியானபோது, எங்கள் பக்கத்தில் எல்லோரும் பேசியது அதைத்தான்.

அக்டோபர் நடுவரை காத்திருக்க வேண்டும் என்று களை சொல்கிறது. காத்திருந்தால் வயலுக்குள் இறங்கவே விடமாட்டேன் என்று மழை சொல்கிறது. எங்கள் பகுதியில் சராசரி ஆண்டு மழை 600 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். மழையின் அளவை விட, அக்டோபருக்குப் பிறகு வெயில் தாழ்ந்துவிடுவதுதான் தொல்லை. ஒருமுறை நனைந்த களிமண் மார்ச் வரை காய்வதில்லை. 2019 செப்டம்பர் கடைசியில் பிடித்த மழை விடவேயில்லை. அடுத்த ஆண்டு பிரிட்டன் முழுவதும் கிடைத்த கோதுமை 97 லட்சம் டன்தான். 1981-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. அதைவிட மோசமான காலம் பின்னால் வந்தது. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான 18 மாதங்கள், 1836-ல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இங்கிலாந்து கண்ட மிக ஈரமான 18 மாதங்கள்.

ஈர மண்ணில் இந்த டிரில் என்ன செய்யும் என்பதை 2023 அக்டோபர் கடைசியில் ஒரு வயலோரத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். தகடு போட்ட கீறல் மூடவில்லை. இரு சுவர்களும் குயவர் கை பட்டதுபோல் வழுவழுப்பாகப் பூசப்பட்டிருந்தன. நனைந்த வைக்கோலைத் தகடு வெட்டாமல், மடித்துக் கீறலுக்குள் திணித்திருந்தது. விதை அந்த மடிப்பில், மண்ணைத் தொடாமல், ஊறிப் பருத்துக் கிடந்தது. பல விதைகளில் முளை இருக்கும் நுனி மட்டும் குடையப்பட்டிருந்தது. அது ஓடில்லா நத்தையின் வேலை. மூடாத கீறல் அதற்கு ஒரு பாதை. ஒரு விதையைத் தின்றுவிட்டு, வெளியே வராமலே அடுத்த விதைக்குப் போய்விடுகிறது. நத்தையைக் கொல்ல முன்பு பயன்படுத்திய மெட்டால்டிஹைட் குருணை 2022 மார்ச் இறுதியோடு தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலான இரும்புப் பாஸ்பேட் குருணை வேலை செய்கிறது, ஆனால் தின்ற நத்தை மண்ணுக்குள் போய்ச் சாவதால் பலனைக் கண்ணால் பார்க்க முடியாது. நான் பார்த்த அந்த வயலில் வசந்தத்தில் மறுபடி பார்லி விதைத்தோம்.

வறண்ட ஆண்டிலும் ஒரு குறை உண்டு. 2025-ல் இங்கிலாந்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத வறண்ட வசந்தம். உழாத வயல்கள் ஈரத்தைக் கூடுதல் நாட்கள் பிடித்துவைத்தது உண்மை. ஆனால் களிமண் சுருங்கும்போது, தகடு போட்ட அதே கோட்டில் வெடித்துத் திறந்தது, நாற்றின் வேர் வெளியே தெரிந்தது.

ரேப் எண்ணெய்வித்துப் பயிரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நியோநிகோட்டினாய்டு என்ற பூச்சிக்கொல்லி விதைநேர்த்திக்கு 2013 இறுதியில் தடை வந்தபின் தெள்ளுவண்டு அதை முளையிலேயே தின்கிறது. 2012-ல் பிரிட்டனில் ஏழரை லட்சம் ஹெக்டேரில் மஞ்சள் பூத்த பயிர் இன்று அதில் பாதிகூட இல்லை. நாங்களும் விட்டுவிட்டு ஓட்ஸ், அவரைக் குடும்பத்து ஃபீல்டு பீன்ஸ் என்று மாறிவிட்டோம். பீன்ஸை ஆழமாக விதைக்க வேண்டும். இறுகிய மண்ணில் அந்த ஆழத்துக்கு இந்த டிரில் போகத் திணறுகிறது.

பணக்கணக்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். உழாமல் விதைத்தால் ஹெக்டேருக்கு 73 பவுண்டு என்று 2024-ல் அரசுத் திட்டம் ஒன்று வந்தது. அத்திட்டத்துக்கான புதிய விண்ணப்பங்கள் 2025 மார்ச் 11 அன்று திடீரென நிறுத்தப்பட்டன. நிலத்தின் பரப்புக்கேற்பக் கிடைத்துவந்த பழைய மானியமும் 2021 முதல் படிப்படியாகக் கரைந்துவிட்டது. ஆகவே மானியத்தை நம்பி டிரில் வாங்காதீர்கள். தகடும் பேரிங்கும் தேய்கிற செலவைக் கணக்கில் வையுங்கள். விதைப்பு நடக்கும் வாரத்தில் உதிரிபாகம் கேட்டால் கிடைக்காது, கோடையிலேயே வாங்கிக் கொட்டகையில் வைத்துவிடுங்கள்.

மண்ணைப் புரட்டும் பழைய கலப்பையை விற்க வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன், உரிமையாளரும் விற்கவில்லை. பிளாக்கிராஸ் கைமீறிய வயலை ஒருமுறை ஆழ உழுது விதையைப் புதைத்துவிட்டு, பிறகு சில ஆண்டுகள் தொடாமல் விடுகிறோம். புதைந்த விதைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு எழுபதுக்கு மேல் செத்துவிடும். அடுத்த ஆண்டே மறுபடி உழுதால், புதைத்ததை நாமே மேலே கொண்டுவருகிறோம்.

மணல் கலந்த இளகிய மண்ணோ, வடிகால் நன்றாக உள்ள நிலமோ இருந்தால் தயங்காமல் வாங்கலாம். எங்களைப் போன்ற களிமண் என்றால் முதலில் மண்வெட்டியோடு வயல் முழுக்க நடந்து பாருங்கள், பள்ளங்களில் தண்ணீர் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பண்ணையில் அடுத்த செலவு புதிய இயந்திரத்துக்கு இல்லை. இந்தக் கோடையில் நிலத்தடி வடிகால் குழாய்களின் வாய்களைத் தோண்டிச் சுத்தம் செய்து, அவற்றுக்குக் குறுக்கே அரை மீட்டர் ஆழத்தில் மோல் வடிகால் (களிமண்ணுக்குள்ளேயே குழாய்போல் இழுக்கும் துளை) இழுக்கப் போகிறோம். 2023-ல் விதை அழுகிய வயலிலிருந்துதான் தொடங்குகிறோம்.