டேங்கத்தான்: பிக்கை விற்கச் சொல்பவர்கள் முதலில் இந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்

என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ரசிகர் யாராவது "இருக்கிற டிராஃப்ட் பிக்கையெல்லாம் கொடுத்து ஒரு ஸ்டாரைத் தூக்கணும்" என்று ஆரம்பித்தால் நான் வாதாடுவதில்லை, டேங்கத்தான் தளத்தின் லிங்க்கை அனுப்பிவிடுகிறேன். டிராஃப்ட் என்பது வருஷா வருஷம் அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுப்பது, அதில் ஓர் அணிக்கு வரும் முறைதான் பிக். இலவசம். விளம்பரம் வரும், பரவாயில்லை. உள்ளே போனால் இன்றைய நிலவரப்படி டிராஃப்ட் வரிசை, முதலிடம் கிடைக்க எந்த அணிக்கு எத்தனை சதவீதம், அப்புறம் லாட்டரியை, அதாவது வரிசையின் முன்னிடங்களை முடிவு செய்யும் குலுக்கலை, நாமே ஓட்டிப் பார்க்க ஒரு பொத்தான். அழுத்தினால் வரிசை மாறும், யார் எத்தனை இடம் ஏறினார்கள், யார் சரிந்தார்கள் என்று காட்டும். நம் அணிக்கு முதலிடம் விழும்வரை கை நிற்காது.

2019-ல் கொண்டுவந்த முறைப்படி சீசனில் கடைசியாக வந்த மூன்று அணிகளுக்கும் முதலிடத்துக்கான வாய்ப்பு ஆளுக்கு 14%. குலுக்கலே முதல் நான்கு இடங்களுக்குத்தான், அதனால் கடைசி அணிகூட ஐந்தாவது வரை இறங்கிவிடலாம். படிக்கும்போது உறைக்காது, நாலு தடவை அழுத்தினால் உறைக்கும். 2025-ல் நிஜமாகவே அப்படித்தான் ஆனது: 65 தோல்வியோடு அடியில் கிடந்த யூட்டாவுக்கு ஐந்தாவது இடம், வெறும் 1.8% வைத்திருந்த டல்லாஸுக்கு முதலிடமும், எல்லோரும் கண் வைத்திருந்த இளம் வீரர் கூப்பர் ஃப்ளாக்கும். அதுவும் தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்கு அனுப்பிய அதே சீசனில்! மற்ற அணி ரசிகர்களின் வயிற்றெரிச்சலைக் கேட்கவா வேண்டும்.

ஆனால் எனக்கு இந்தத் தளத்தில் பிடித்தது பொத்தான் இல்லை. ஓர் அணி தன் பிக்கை ஏற்கெனவே விற்றிருந்தால், வரிசையில் அந்த இடத்தில் வாங்கிய அணியின் லோகோ இருக்கும், பக்கத்திலேயே சின்னதாக விற்ற அணியின் லோகோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஐபிஎல் ஏலம் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுசு, அங்கே அடுத்த வருஷத்துப் பணத்தை இந்த வருஷம் அடகு வைக்க முடியாது, இங்கே ஏழு வருஷம் தள்ளி இருக்கும் பிக்கைக்கூட இன்றே கொடுக்கலாம். அடுத்தடுத்த இரண்டு வருஷம் முதல் சுற்று பிக்கே (டிராஃப்டில் இரண்டு சுற்று, மதிப்பு முதல் சுற்றுக்குத்தான்) இல்லாமல் போகிற மாதிரி மட்டும் விற்கக் கூடாது. அந்தத் தடைக்கு ஸ்டெபியன் விதி என்று பெயர், எண்பதுகளின் தொடக்கத்தில் கிளீவ்லேண்டை வைத்திருந்த டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்த புண்ணியம்.

அந்தச் சின்ன லோகோ எவ்வளவு வலிக்கும் என்று புரூக்ளின் ரசிகர்களைக் கேளுங்கள். 2013-ல் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் என்ற இரண்டு மூத்த நட்சத்திரங்களுக்கு ஆசைப்பட்டு பாஸ்டனுக்கு மூன்று முதல் சுற்று பிக், போதாததற்கு 2017-ல் பாஸ்டன் விரும்பினால் தன் பிக்கைக் கொடுத்துவிட்டு புரூக்ளினின் பிக்கை எடுத்துக்கொள்ளும் உரிமை. வந்தவர்கள் ஒருவருக்கு 37 வயது, இன்னொருவருக்கு 35. புரூக்ளின் தோற்கத் தோற்க பாஸ்டனுக்கு லாபம்: அந்தப் பிக்குகளின் தயவில் 2016-ல் ஜேலன் பிரவுன், 2017-ல் ஜேசன் டேட்டம், அந்த இருவரையும் வைத்தே 2024 கோப்பை.

அதற்காக விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. மில்வாக்கி 2020-ல் ஜ்ரூ ஹாலிடேவுக்காக மூன்று முதல் சுற்று பிக்கைக் கொட்டியது, அடுத்த வருஷமே கோப்பை. ஆனால் அங்கே யானிஸ் என்ற பெரிய நட்சத்திரம் இருந்தார், அவருக்கு அப்போது 25 வயதுதான், இன்னும் ஒரே ஓர் ஆள்தான் தேவைப்பட்டது. வீடு கிட்டத்தட்ட முடிந்த பிறகு விற்பது வேறு, அஸ்திவாரமே போடாமல் விற்பது வேறு. என் கணக்கு இதுதான்: அடுத்தவனிடம் வாங்கிய பிக்கையும் பக்கத்து வருஷத்துப் பிக்கையும் தாராளமாக விற்கலாம், நன்றாக ஆடப்போகிற வருஷத்தில் அது எப்படியும் இருபதாவது இடத்துக்குப் பின்னால்தான் விழும். ஐந்தாறு வருஷம் தள்ளி இருக்கும் சொந்தப் பிக்கை, அதுவும் எந்தப் பாதுகாப்பும் (முன்னிடத்தில் விழுந்தால் பிக் நமக்கே என்ற நிபந்தனை) போடாமல், நட்சத்திரத்துக்கு முப்பது தாண்டிய பிறகு கொடுப்பது தற்கொலை. 2025-ல் நியூ ஆர்லியன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், அடுத்த வருஷம் நன்றாக ஆடுவோம் என்ற உறுதியே இல்லாமல், டெரிக் குவீன் என்ற புது வீரரை எடுக்க 23-ஆவது இடத்திலிருந்து 13-க்கு ஏறுவதற்காக, பாதுகாப்பில்லாத 2026 பிக்கை அட்லாண்டாவிடம் கொடுத்தது. பத்து இடத்துக்கு அந்த விலையா?

தளத்தில் குறை என்றால் பிக்கின் மதிப்பைச் சொல்லாததுதான். இந்தப் பிக் யாருடையது, எத்தனை சதவீதம் என்று சொல்லும் தளம், அது எவ்வளவு பெறும் என்று சொல்லாது. 12-ஆவது பிக் என்றால் பட்டியலில் வெறும் 12, ஒக்லஹோமா சிட்டி 2022-ல் அதே இடத்தில் ஜேலன் வில்லியம்ஸை எடுத்து 2025-ல் கோப்பை வென்றது. அந்தப் பிக்கும் 2019-ல் பால் ஜார்ஜ் என்ற நட்சத்திரத்துக்காக கிளிப்பர்ஸ் அணி கொடுத்ததுதான், கூடவே இன்று ஒக்லஹோமா சிட்டியின் நட்சத்திரமான ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் சேர்த்துக் கொடுத்தார்கள் (இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது). இன்னொன்று, பொத்தானை அழுத்தி அழுத்தி முதலிடத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடும் கூட்டம், அதற்குத் தளம் பொறுப்பில்லை.

டிரேடு சீசனில் (அணிகள் வீரர்களையும் பிக்குகளையும் கைமாற்றும் காலம்) வாரம் ஒரு தடவை எட்டிப் பார்க்க இதுவே போதும். எந்தப் பிக் எந்த நிபந்தனையில் யாருக்குப் போகும் என்று வரிவரியாக வேண்டுமானால் ரியல்ஜிஎம் என்ற இணையதளத்துக்குப் போங்கள், அது பத்திரப்பதிவு ஆபீஸ் தமிழ் மாதிரி இருக்கும், பொறுமை வேண்டும்.