"புது ஷாஃப்ட்" என்று சொல்லி 38,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், கால்ஃப் செட் வாங்குகிறவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அங்கங்கே வார்த்தை தடித்துப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். 38,500 ரூபாய். செகண்ட் ஹேண்ட் அயர்ன் செட் (இரும்புத் தலை வைத்த கால்ஃப் மட்டைகள், கிளப் என்பார்கள்), ஆனால் "புத்தம் புது லைட்வெயிட் ஸ்டீல் ஷாஃப்ட்", அதாவது கிளப்பின் தண்டு, போட்டது என்று சொல்லி வாங்கின காசு. போன மாதக் கடைசியில் அதில் செவன் அயர்ன், அதாவது ஏழாம் நம்பர் கிளப், இரண்டு துண்டானது. கிளப் தலை பறந்துபோய், ஓரமாக நின்று பந்து பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா பையனுக்கு ஒரு முழம் தள்ளி சில்வர் ஓக் மரத்தில் மோதி விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலையில் "கேஸ் குளோஸ்டு சார்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

சேலத்தில் கால்ஃபா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கோவையில் வேலை பார்த்த காலத்தில் மச்சான் செட்டிப்பாளையம் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார், ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில் ஒரு மூலையில் வலை கட்டி, பாய் போட்டு அடிப்போம். எப்போதாவது மச்சானோடு செட்டிப்பாளையம். அவ்வளவுதான் நம் விளையாட்டு. என்னிடம் இருந்த பழைய செட்டில் 120 கிராமுக்கு மேல் எடையுள்ள கனமான ஸ்டீல் ஷாஃப்ட். முழங்கை வலி வந்ததும் மச்சான்தான் "95 கிராம் வகைக்கு மாறிடுங்க, ஸ்டீலாவும் இருக்கும், கையும் தப்பிக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நல்ல கம்பெனி லைட்வெயிட் ஸ்டீலைப் போட்டிக்காரர்களே வைத்து ஆடுகிறார்கள். சுவரை மெலிசாக்கி, அதை ஈடுகட்ட நல்ல உறுதியான எஃகாகப் போட்டு, பக்குவமாகச் சூடேற்றிக் குளிரவைத்துச் செய்வது அது. ஒழுங்காகச் செய்ததை ஒழுங்காக வைத்திருந்தால் வருஷக்கணக்கில் வரும்.

கடை எது என்று கேட்காதீர்கள். பக்கத்து மாநிலத்துப் பெரிய நகரத்தில் இருக்கிற, கால்ஃப் சாமான் மட்டுமே விற்கிற கடை, ஆன்லைனிலும் ஆர்டர் எடுப்பவர்கள். அவ்வளவு போதும். நுகர்வோர் கமிஷனில் வழக்குப் போடப் போகிறேன், அதுவரை பேரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

நம்ப வைத்த விதம்தான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வீடியோ காலில் வந்தவர் நல்ல தமிழில் பேசினார். சேலம் என்று சொன்னதுமே "அட, நமக்கு ஆத்தூர்ங்கண்ணா!" என்று ஆரம்பித்துவிட்டார். புது பஸ் ஸ்டாண்டு பற்றி, தட்டுவடை செட் பற்றி, இன்னும் என்னென்னமோ. அப்புறம் செட்டை மேஜைமேல் வரிசையாக அடுக்கிக் காட்டினார். ஐந்தாம் நம்பரிலிருந்து ஒன்பது வரை, கூட ஒரு பிட்ச்சிங் வெட்ஜ். ஷாஃப்ட் எல்லாம் கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. இன்னும் மாட்டாத ஒரு ஷாஃப்ட்டைச் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து "பாருங்கண்ணா, கம்பெனி 95-னு சொல்றான், நம்மகிட்ட 91 தான் காட்டுது, அவ்வளவு லைட்டு" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னார்! 38,500 கொஞ்சம் கூட இருக்கிறதே என்று இழுத்தேன். "நம்மூர்க்காரர்கிட்டப் போய் நான் காசு பாப்பனாங்கண்ணா? ஷாஃப்ட் உடைஞ்சா ஒரு வருஷத்துக்கு நான் பொறுப்பு" என்று வாய்ஸ் மெசேஜே அனுப்பினார். அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது, அழிக்க மாட்டேன். அன்று சாயங்காலமே 38,500-ஐ அனுப்பிவிட்டேன்.

செட் வந்தது, பேக்கிங் எல்லாம் ஜோராக இருந்தது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது, கை வலியும் குறைந்தது. அப்புறம் ஐந்தாம் நம்பரில் ஒரு கிர்ரென்ற சத்தம். ஃபெரூல் என்று தலைக்கு மேலே ஒரு கறுப்பு வளையம் இருக்குமே, அதற்கு ஒட்டினாற்போல ஒரு பழுப்புக் கீறல் தெரிந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "அது எபாக்ஸி பசைக் கறைங்கண்ணா, துணியில துடைங்க" என்று பதில். துடைத்தால் போகவில்லை. திரும்பக் கேட்டதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதற்கப்புறம் சில வாரத்தில்தான் செவன் அயர்ன் உடைந்தது. உடைந்த இடம் எங்கே? அதேதான், ஃபெரூலுக்கு மேல் அரை அங்குலம்.

கிளப் தலை என்பது கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான இரும்புக் கட்டி. பந்தை அடிக்கிற நேரத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும். அது அந்தப் பையன் மேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா இன்றைக்கும் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வது?

அடுத்த நாள் காலையில் கடைக்குப் போன் அடித்தேன். ஆத்தூர்க்காரர் எடுக்கவில்லை. வேறொருவர் எடுத்து "கல்லுல அடிச்சிருப்பீங்க சார்" என்றார். பாயில் அடித்தேன், வலைக்குள் அடித்தேன் என்றேன். "பாய்ல அடிச்சா அதிர்ச்சி ஜாஸ்தி சார், அதான்" என்றார். சரி, அப்படியென்றால் உலகத்தில் பயிற்சி மையம் வைத்திருக்கிறவன் பூரா பாயில்தானே அடிக்க விடுகிறான்? அதற்குப் பதில் இல்லை. அடுத்த முறை பேசினால் "வாரண்டி தலைக்குத்தான், ஷாஃப்ட்டுக்கு இல்லை". வாய்ஸ் மெசேஜை அவருக்கே திருப்பி அனுப்பினேன். "அது அவரோட தனிப்பட்ட வார்த்தை சார், கம்பெனி பாலிசி இல்லை." பில்லை எடுத்துப் பார்த்தால் "கால்ஃப் செட், 1" என்று மட்டும் இருக்கிறது. ஷாஃப்ட் என்ற வார்த்தையே கிடையாது. கடைசியாக எடுத்துவிட்டதுதான் எல்லாவற்றையும்விட உச்சம்: "ஏற்காடு பனியில வெச்சிருந்தா துரு பிடிக்காம என்ன பண்ணும்? ஸ்டீல் ஊர்க்காரங்க நீங்க, உங்களுக்குத் தெரியாதா சார்?"

தெரியும். அதனால்தான் விடவில்லை.

நம்மூர் உருக்காலையில் வருவது ஸ்டெயின்லெஸ். கால்ஃப் ஷாஃப்ட் பெரும்பாலும் அது இல்லை, கார்பன் ஸ்டீல் குழாய்க்கு மேலே நிக்கல், குரோமியம் முலாம். உள்பக்கம் முலாம் இருக்காது, அதனால் ஈரம் உள்ளே இறங்கினால் துரு பிடிக்கத்தான் செய்யும். கனமான ஷாஃப்ட்டில் துரு கொஞ்சம் தின்றாலும் தாங்கும். லைட்வெயிட்டில் சுவரே மெலிசு, தின்னக் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இதெல்லாம் சரி. ஏற்காட்டில் மழைக்காலத்தில் அலமாரியில் இருக்கிற செருப்பே பூஞ்சை பிடிக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஒவ்வொரு முறையும் துடைத்து, செட்டை சேலத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவேன். சேலத்து வெயிலில் எந்தப் பனி?

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். அங்கே கொலுசுக்கு முலாம் போடுகிற பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வெள்ளி வேலைக்கு முன்னால் வண்டி பாகங்களுக்குக் குரோம் பண்ணிக்கொண்டிருந்தவர். உடைந்த வாயைக் கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்தார். விளக்குக்கு அடியில் எனக்கும் காட்டினார். வட்டத்தில் ஒரு பக்கம் பிறை மாதிரி பழுப்பு, மீதி வெள்ளை வெளேரென்று புது உடைசல். பழுப்பு இருக்கிற பக்கம் முன்னாலேயே விரிசல் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்திருக்கிறது, மிச்சம் இருந்தது தாங்காமல் ஒரே அடியில் போயிருக்கிறது. இதையும் கடைக்காரர் "உங்ககிட்ட வந்தப்புறம் விட்ட விரிசல்" என்று சொல்லிவிடலாம். அதனால் நண்பர் அடுத்ததைக் காட்டினார். ஷாஃப்ட்டின் மேல்தோலில் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகள், அந்தக் குழிக்குள்ளேயும் பளபளவென்று முலாம். "ஏங்க, முலாம் போட்டப்புறம் துரு பிடிச்சா குழியில முலாம் உரிஞ்சு கிடக்கணும். இதுல குழிக்குள்ளயே முலாம் இறங்கியிருக்கு. அப்ப குழி முதல்ல, முலாம் அப்புறம். பழைய காம்பைச் சக்கரத்துல தேய்ச்சு பஃப் போட்டு, திரும்ப ஏத்தியிருக்கான்" என்றார்.

இடிந்த வீட்டுக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விட்ட கதைதான்!

அப்புறம் அவர் ஷாஃப்ட்டின் படிகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஸ்டீல் ஷாஃப்ட்டில் மேலிருந்து கீழே படிப்படியாகச் சுற்றளவு குறையும் அல்லவா, என் பழைய கனமான ஷாஃப்ட்டில் அந்தப் படி விளிம்பு நகத்தில் நன்றாகத் தட்டுகிறது. இதில் மழுங்கிக் கிடக்கிறது. பஃப் சக்கரம் தின்ற வேலை. மைக்ரோமீட்டர் வைத்து உடைந்த வாயில் அளந்தால் சுவர் ஒரு பக்கம் ஓர் அளவு, எதிர்ப்பக்கம் வேறு அளவு. வீடியோ காலில் தராசில் 91 என்று காட்டியது இப்போதுதான் எனக்கு உறைத்தது. நீளத்துக்கு வெட்டினால் எடை குறையும்தான், ஆனால் அன்று அவர் வைத்தது வெட்டாத முழு ஷாஃப்ட் என்று அவர் வாயாலேயே சொன்னது. தேய்த்து எடுத்த இரும்பை "அவ்வளவு லைட்டு" என்று எனக்கே விற்றிருக்கிறார், அதற்குத்தான் 38,500.

இன்னொன்றும் நண்பர் சொன்னார், இது கால்ஃப் ஆடாதவர்களுக்கும் உதவும். உறுதியான எஃகை அமிலத் தொட்டியில் முக்கி முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே ஏறிவிடும். முலாம் போட்ட கையோடு சுமார் 200 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் அடுப்பில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். வைக்காவிட்டால் வளையாமல் நொறுங்குகிற தன்மை வந்துவிடும். பெரிய கம்பெனிக்காரர்கள் இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் செய்கிறார்கள். தெருமுனைப் பட்டறையில் பளபளப்பு வந்தால் போதும் என்று செய்கிறவன் அடுப்புக்குக் கரண்டு செலவழிப்பானா? என் ஷாஃப்ட்டுக்கு அடுப்பு வைத்தார்களா இல்லையா என்று உடைசலைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் பழைய துருவை மறைத்து முலாம் போட்டவனிடம் அந்த அக்கறை இருந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, வட்டம் போட்டு, மெயில் அனுப்பினேன். "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று வந்தது. டெக்னிக்கல் டீம் என்ன சொன்னது என்று கேட்டால் "அவர் லீவு". லீவு முடிந்து வந்ததும் "உடைந்த கிளப்பை உங்கள் செலவில் கொரியர் பண்ணுங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம்". ஆத்தூர்க்காரருக்கு அனுப்பும் மெசேஜ்களுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது. ஒரு நாள் இராத்திரி வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன், எடுத்தார், என் குரல் கேட்டதும் "ராங் நம்பர்" என்று சொல்லிக் கட் பண்ணினார். ஊர்ப்பாசமாம்! கடைசியில் இன்று காலை "கேஸ் குளோஸ்டு". 38,500 போச்சு, மீதி ஐந்து கிளப்பையும் கையில் எடுக்கப் பயமாக இருக்கிறது, ஐந்தாம் நம்பரில் கீறல் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆனால் வக்கீலைப் பார்க்கக் கிளம்ப வேண்டும், முக்கியமானதை மட்டும் போடுகிறேன். ஷாஃப்ட் புதிது என்றால் பில்லில் ஷாஃப்ட் பேரும் "புதியது" என்ற வார்த்தையும் எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். படி விளிம்பை நகத்தால் தட்டிப் பாருங்கள், வெயிலில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் குழி தெரியும். ஃபெரூலுக்கு மேலே பழுப்புக் கோடு தெரிந்தால் அந்தக் கிளப்பைத் தொடாதீர்கள், பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். வளைந்த ஷாஃப்ட்டை நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வளைந்து நிமிர்ந்த இடம் பலவீனம்தான். நுகர்வோர் உதவிக்கு 1915-க்குக் கூப்பிடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. அப்புறம், உடைந்த துண்டை "பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று கொரியரில் கேட்பார்கள். அனுப்பாதீர்கள், நம் கையில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.