8000 ஹெர்ட்ஸ் மவுஸும், எந்தப் போர்ட்டில் செருகுவது என்று சொல்லாத மதர்போர்டும்

நான் பயன்படுத்திவரும் 8000 ஹெர்ட்ஸ் கம்பி மவுஸின் விலை அண்மையில் கணிசமாகக் குறைந்துவிட்டது. அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "நீங்கள் நெடுநாளாக வைத்திருக்கிறீர்களே, வாங்கலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த மவுஸ் எனக்குத் தந்த மகிழ்ச்சியும் மூட்டிய கோபமும் ஒரு வரியில் அடங்குபவை அல்ல. அதன் எடை, பிடி, சென்சார், பொத்தான்கள் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றில் எனக்குக் குறை ஏதும் இல்லை. நான் எழுத வந்தது, பெட்டியின் மீது மிகப் பெரிதாக அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைப் பற்றியும், அந்த எண்ணை என் மதர்போர்டு நடத்திய விதத்தைப் பற்றியும்தான்.

யூஎஸ்பி மவுஸ் எதையும் தானாக முன்வந்து அனுப்புவதில்லை. கணினி குறிப்பிட்ட இடைவெளியில் "ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும், கேட்கும்போதுதான் அது தன் நகர்வைச் சொல்லும். இப்படி நொடிக்கு எத்தனை முறை கேட்கப்படுகிறது என்பதே போலிங் ரேட்; அதன் அலகு ஹெர்ட்ஸ். சாதாரண அலுவலக மவுஸுக்கு அது 125, அதாவது 8 மில்லி நொடிக்கு ஒரு முறை. விளையாட்டு மவுஸ்களுக்கு வெகுகாலமாக 1000. யூஎஸ்பிக்கு முன் வழக்கிலிருந்த பிஎஸ்/2 மவுஸ் இதற்கு நேர்மாறானது. கணினி கேட்கும்வரை காத்திராமல் தானே குறுக்கிட்டுச் சொல்லிவிடும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து அதன் சாம்பிள் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை சொல்லும் என்பதை, 100-இலிருந்து 200-க்கு உயர்த்தி வைத்துக்கொண்டவர்களுக்கு, அன்றைய 125 ஹெர்ட்ஸ் யூஎஸ்பி மவுஸ் ஒரு படி பின்னடைவாகவே தெரிந்தது. ஆக, மவுஸின் வேகம் அதைச் செருகும் துளையைப் பொறுத்தது என்பது புதிய செய்தி அன்று. அன்று அந்தத் துளைகள் பச்சை, ஊதா என்று வண்ணத்தாலேயே தம்மை அடையாளம் காட்டின. இன்று மவுஸ் செருகும் யூஎஸ்பி துளைகள் எல்லாம் ஒரே வடிவில் இருக்கின்றன. உள்ளே அவை போய்ச் சேரும் இடங்கள்தான் வேறுவேறு.

8000 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் சிக்கலும் புரிந்துவிடும். யூஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடு என்ற முறையில், அதாவது நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில், காலம் ஒரு மில்லி நொடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி என்று வைத்தால் 1000 ஹெர்ட்ஸோடு கதை முடிந்துவிடும். அதற்கு மேலே போக வேண்டுமானால் 480 மெகாபிட் ஹை ஸ்பீடு முறைக்கு மாற வேண்டும். அங்கே ஒவ்வொரு மில்லி நொடியும் எட்டாக, 125 மைக்ரோ நொடித் துண்டுகளாகப் பிரிகிறது. துண்டுக்கு ஒரு கேள்வி என்றால் 8000. இதுதான் அந்த முறையின் உச்சவரம்பு. ஒரு துண்டைக்கூடத் தவறவிட முடியாது. தவறவிட்டால் அந்த நொடியில் அது 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் அல்ல. ரேசர் நிறுவனம் 2021-இல் வைப்பர் 8கே மவுஸை வெளியிட்ட பிறகு இந்த உச்சவரம்பையே விற்பனைச் சொல்லாகப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். உச்சவரம்பைத் தொட்டுக்கொண்டே ஓடும் எதற்கும் பாதை சுத்தமாக இருந்தாக வேண்டும் என்பதை மட்டும் பெட்டியில் யாரும் அச்சிடவில்லை.

என் கணினியில் நடந்தது இதுதான். மதர்போர்டின் பின்பக்கத்தில் கீபோர்டு, மவுஸ் படங்கள் வரையப்பட்ட இரண்டு கறுப்புப் போர்ட்கள் உண்டு. மதர்போர்டு தயாரித்தவர்களே மவுஸ் படம் போட்டுக் காட்டியிருக்கும் இடத்தில் மவுஸைச் செருகுவதுதானே முறை? அங்கேதான் செருகியிருந்தேன். வேலை ஓடிக்கொண்டிருக்கும், கர்சர் வெண்ணெயில் இறங்கும் கத்தி போல வழுக்கிக்கொண்டு போகும், திடீரென்று கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஓர் அடி தயங்கிவிட்டுப் பிறகு தாவும். நாளெல்லாம் அப்படி நடப்பதில்லை என்பதுதான் கொடுமை. எப்போதும் இருந்தால் குறை என்று சொல்லி மாற்றி வாங்கிவிடலாம். எப்போதாவது வருகிற தயக்கத்தை எந்தக் கடைக்காரரிடம் எப்படி நிரூபிப்பது? மவுஸ் நிறுவனத்தின் உதவிப் பிரிவு, மவுஸுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னது. மதர்போர்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவு, மதர்போர்டின் ஃபர்ம்வேரான பயாஸைப் புதுப்பிக்கச் சொன்னது. இரண்டையும் செய்தேன். தயக்கம் அப்படியே இருந்தது.

மவுஸ் டெஸ்டர் என்ற சிறிய இலவசச் செயலி ஒன்று இருக்கிறது. மவுஸை வட்டமாகச் சுழற்றினால், ஒவ்வொரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிந்தது என்பதைப் புள்ளிகளாக வரைந்து காட்டும். ஒழுங்காக இயங்கும் 8000 ஹெர்ட்ஸ் மவுஸுக்கு எல்லாப் புள்ளிகளும் 0.125 மில்லி நொடிக் கோட்டை ஒட்டிக் கிடக்க வேண்டும். என் திரையில் அந்தக் கோட்டுக்கு மேலே 0.25-இல் இன்னொரு மெல்லிய வரிசை, அதற்கும் மேலே 0.375-இல் சிதறலாகச் சில புள்ளிகள், அவற்றுக்கெல்லாம் மேலே எட்டாத உயரத்தில் தனித்தனியாக ஒன்றிரண்டு. வெப் கேமராவை இயக்கியதும் மேல் வரிசைகள் அடர்த்தியாயின; நிறுத்தியதும் மெலிந்தன. கண்ணால் பிடிக்க முடியாமல் என்னை அலைக்கழித்த குறை, படமாக எதிரே நின்றது. அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்டது ஆறுதலா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க யூஎஸ்பி ட்ரீ வியூ என்ற மற்றொரு இலவசச் செயலி உதவியது. எந்தச் சாதனம் யூஎஸ்பியை நிர்வகிக்கும் எந்தக் கன்ட்ரோலரில், இடையில் ஒரு இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஹப்கள் எத்தனையைத் தாண்டி இணைந்திருக்கிறது என்பதை அது கிளை கிளையாகக் காட்டும். மவுஸ் படம் போட்ட அந்தப் போர்ட்கள், மதர்போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்பான சிப்செட்டுக்கு நேராகப் போகவில்லை. மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட ஒரு சிறு ஹப் சிப்புக்குப் போகின்றன. அந்த ஹப்பிலேயே கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்களும் தொங்குகின்றன. என் வெப் கேமரா, ஹெட்செட், கீபோர்டு அத்தனையும் அதே கிளையில். அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே ஒரு இணைப்பு வழியே சிப்செட்டைச் சென்றடைகிறது. நொடிக்கு 8000 முறை பதில் சொல்ல வேண்டிய ஒன்றை, கேமராவின் படக்காட்சி ஓடும் அதே வழியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

என் கணினியில் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டைச் சேர்ந்த ரைசன் சிபியு. அதில் நான்கு யூஎஸ்பி போர்ட்கள் சிப்செட்டைத் தொடாமல் சிபியுவிலிருந்தே நேரடியாக வெளியே வருகின்றன. கிளைப்படத்தைப் பார்த்து அவற்றில் ஒன்றைத் தேடிப் பிடித்து மவுஸை மாற்றினேன். அங்கே வேறெதையும் செருகவில்லை. புள்ளிகள் கோட்டில் அமர்ந்தன. கேமராவை இயக்கினாலும் அசையவில்லை. ஃபர்ம்வேர் மாற்றமும் பயாஸ் மாற்றமும் தீர்க்காததை ஓர் அங்குலம் தள்ளியிருந்த துளை தீர்த்துவைத்தது. அந்த மாலையிலிருந்து இந்த மவுஸ் எனக்கு வேறொரு மவுஸ்.

இங்கே நியாயமாகவும் பேச வேண்டும். எல்லாப் போர்ட்டுக்கும் நேர்வழி கொடுப்பது எந்த மதர்போர்டிலும் இயலாது. சிப்செட்டுக்கு ஓர் எல்லை உண்டு, விலைக்கும் ஓர் எல்லை உண்டு. இன்டெல்லின் டெஸ்க்டாப் தளத்தில் வழக்கமான யூஎஸ்பி போர்ட்கள் சிப்செட்டிலிருந்துதான் வருகின்றன, அங்கே சிபியுவின் நேரடிப் போர்ட்டைத் தேடுவதில் பொருளில்லை. இடையே ஹப் இல்லாத போர்ட் கிடைத்தாலே போதும். பிரிண்டருக்கும் பென் டிரைவுக்கும் ஹப் வழி தாராளமாகப் போதும். என் கோபம் ஹப் வைத்ததன் மீது அல்ல, அதைச் சொல்லாமல் விட்டதன் மீது. கையேட்டில் ஆர்ஜிபி விளக்குகளின் இணைப்பை விளக்கப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. பின்பக்கத்தில் எந்தப் போர்ட் எங்கே போகிறது என்று ஒரு கோட்டுப்படம் போட அரைப்பக்கம் இல்லை. அதைவிட மோசம், ஹப்பின் பின்னே இருக்கும் போர்ட்டின் மேல் மவுஸ் படத்தை அச்சிட்டது. வண்ணத்தையும் நம்ப முடியாது. யூஎஸ்பி 3.0-ஐக் குறிக்கும் நீலப் போர்ட்டில் செருகினாலும் மவுஸ் பேசுவது அதற்குள் இருக்கும் யூஎஸ்பி 2.0 கம்பிகள் வழியேதான். அந்தக் கம்பிகள் உள்ளே எங்கே போகின்றன என்பதை நீலம் சொல்லாது.

1000 ஹெர்ட்ஸ் மவுஸ் வைத்திருப்பவர்கள் இது தங்களுக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஃபுல் ஸ்பீடு சாதனங்கள் ஹை ஸ்பீடு ஹப்பின் பின்னே அமரும்போது, ஹப்பிலிருக்கும் ஒரு மொழிபெயர்ப்பு உறுப்பு இரண்டு வேகங்களுக்கும் நடுவே நின்று தரவை மாற்றிக் கொடுக்கிறது. மலிவான ஹப்களில் அப்படி ஒன்றுதான் இருக்கும். மவுஸ், கீபோர்டு, யூஎஸ்பி ஹெட்செட் எல்லாம் அந்த ஒன்றின் 12 மெகாபிட்டைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஹெட்செட்டில் பேசும்போது மட்டும் மவுஸ் தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

மதர்போர்டின் ஃபர்ம்வேரும் இதில் கை வைக்கும். 500 வரிசைச் சிப்செட் போர்டுகளில் யூஎஸ்பி சாதனங்கள் இடையிடையே அறுந்துபோவதாகப் பலரும் முறையிட்டதை ஏஎம்டி நிறுவனம் 2021 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு ஏப்ரலில் ஏஜெசா 1.2.0.2 என்ற பயாஸ் அடித்தளத்தின் வழியாகத் தீர்வும் கொடுத்தது. எனக்கு நேர்ந்தது அந்தச் சிக்கல் அல்ல; என் போர்டில் அதைவிடப் புதிய பயாஸே இருந்தது. ஆனால் பழைய போர்டை வைத்துக்கொண்டு புதிய மவுஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் பயாஸ் பதிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் 11-ம் 2023-இல்தான் அதிகப் போலிங் ரேட் மவுஸ்களுக்காகத் திருத்தப்பட்டது. அதற்கு முன் பின்னணியில் கிடக்கும் செயலிகள்கூட மவுஸின் ஒவ்வொரு அசைவையும் வாங்கிக்கொண்டு சிபியுவின் நேரத்தைத் தின்றன. விளையாட்டின் நடுவே மவுஸை வேகமாக அசைத்தால் திரையில் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நண்பர் உண்மையில் அறிய விரும்பும் கேள்விக்கு வருகிறேன்: 8000 கையில் தெரிகிறதா? 125-க்கும் 1000-க்கும் உள்ள வேறுபாட்டை யாருக்கும் காட்டிவிடலாம். பெயின்ட்டைத் திறந்து வேகமாக வட்டம் போட்டால் 125-இல் வட்டம் பலகோணமாக உடைந்து தெரியும். 1000-த்திலிருந்து 2000-க்குப் போகும்போது, அதிவேகத் திரையில், குறி வைத்துச் சுடும் விளையாட்டுகளில் கர்சரைப் பின்தொடரும் கண் ஒருவிதத் தெளிவை உணர்கிறது. இது நான் எதிர்பாராத இன்பம். இன்றும் ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது. 2000-க்கு மேலே என் கை எதையும் கண்டுபிடிக்கவில்லை. கணக்கும் அதற்கு ஒத்துவருகிறது. 1000 ஹெர்ட்ஸில் அதிகபட்சத் தாமதம் 1 மில்லி நொடி, 8000-இல் அது 0.125, மிச்சமாவது ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. 240 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மாற்றவே 4 மில்லி நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மேலும், 1600 டிபிஐயில், அதாவது ஓர் அங்குல நகர்வுக்கு 1600 எண்ணிக்கைகள் என்ற அமைப்பில், மவுஸை நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தினால் நொடிக்கு 1600 எண்ணிக்கைகள்தான் பிறக்கும். கணினி 8000 முறை கேட்டாலும் பெரும்பாலான கேள்விகளுக்குச் சொல்ல மவுஸிடம் ஒன்றும் இருக்காது. எட்டாயிரமும் நிரம்ப வேண்டுமானால் கை நொடிக்கு ஐந்து அங்குலம் ஓட வேண்டும். 400 டிபிஐ வைத்து விளையாடுகிறவருக்கு இருபது அங்குலம். நிதானமாகக் குறி வைக்கும் தருணத்தில், அதாவது நுணுக்கம் மிகத் தேவைப்படும் தருணத்தில், அந்தப் பெரிய எண்ணுக்கு வேலையே இல்லை.

நண்பர் இதே மவுஸின் கம்பியில்லா வகையையும் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு இன்னொரு கவனமும் தேவை. யூஎஸ்பி 3.0 போர்ட்களும் கேபிள்களும், கம்பியில்லா மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கின்றன என்று இன்டெல் 2012-லேயே ஓர் ஆய்வறிக்கையில் அளந்து காட்டியிருக்கிறது. மவுஸின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரைக் கேபினெட்டின் பின்னே, வேகமான போர்ட்களுக்கு நடுவே செருகிவிட்டுப் போலிங் ரேட்டைக் குறை சொல்வதில் பயனில்லை; நீட்டிப்புக் கேபிளைப் போட்டு மேசை மேல், மவுஸுக்கு அருகில் வைக்க வேண்டும்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். இதுவரை நான் பயன்படுத்திய மவுஸ்களில் இதுவே சிறந்தது. சரியான போர்ட்டில் 2000 ஹெர்ட்ஸில் வைத்த பிறகு ஒரு முறைகூடத் தயங்கியதில்லை. யாராவது இதற்குப் பதிலாக வேறொன்று தருகிறேன் என்றால் கொடுக்க மாட்டேன். ஆனால் வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு, விலை குறைந்திருக்கும் இந்த நேரத்திலும், வேண்டாம் என்றே பதில் எழுதினேன். அவருடைய மதர்போர்டின் கையேட்டைத் தேடிப் பார்த்தேன்; அதிலும் கோட்டுப்படம் இல்லை. எட்டாயிரம் என்று அச்சிட்டு விற்பவரும், எந்தத் துளையில் செருகுவது என்று சொல்லாமல் விற்பவரும் நடுவே வாங்குபவரை நிறுத்தி வைத்து, மாதக்கணக்கில் அவர் தன் கையையே சந்தேகிக்கும்படி செய்வதற்கு நான் பரிந்துரை எழுதிக் கொடுக்க விரும்பவில்லை. அவர் அதையும் மீறி வாங்குவதென்றால், பெட்டியைப் பிரிக்கும் முன் யூஎஸ்பி ட்ரீ வியூவை இறக்கி, ஒரு பென் டிரைவை ஒவ்வொரு போர்ட்டாக மாற்றிச் செருகி, ஹப் இல்லாத போர்ட் எது என்று குறித்துக்கொண்டு, அதில் மவுஸைத் தவிர வேறெதையும் செருகாமல் வைத்திருக்கும்படி சொல்லியிருக்கிறேன்.